பாட்டெடுத்த தேசங்கள் – 11: அடுப்புக்குள் போன கவிதை

கியூபாவின் ஹோசே மார்த்தி 1895 மே 19 அன்று தோஸ் ரியோஸ் சண்டையில் குண்டடிபட்டுச் சாய்ந்ததோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். அதே ஆண்டு டிசம்பரில், பூமிப்பந்தின் மறுபக்கத்தில், இன்னொரு கவிஞர் ஸ்பானிய கவர்னர் ஜெனரலுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கியூபாவில் உங்கள் படை மஞ்சள் காய்ச்சலில் அவதிப்படுகிறதாம், டாக்டர்கள் போதவில்லையாம், நான் போய் வைத்தியம் பார்க்கிறேன், அனுமதி கொடுங்கள் என்று. மார்த்தி எந்தப் படையோடு மோதிச் செத்தாரோ அந்தப் படைக்கு வைத்தியம்!

விண்ணப்பித்தவர் பெயரும் ஹோசேதான். ஹோசே ரிசால். பிலிப்பைன்ஸ் தன் தேசிய வீரராகக் கொண்டாடும் மனிதர். இப்படி மனுப் போட்டவருக்கு விடுதலைப் பாட்டுத் தொடரில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவருடைய சொந்த நாட்டிலேயே நூறு வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்வி ஓயவில்லை.

காலம்பா என்பது மணிலாவுக்குத் தெற்கே, பெரிய ஏரியொன்றின் கரையில் இருக்கும் ஊர். நெல்லும் கரும்பும் விளையும். நிலம் டொமினிகன் சபைப் பாதிரிமாருக்குச் சொந்தம், உழுதவர்கள் குத்தகைதாரர்கள். தஞ்சைப் பக்கத்து மடத்து நிலக் குத்தகையை நினைத்துக்கொண்டால் கணக்குப் புரிந்துவிடும். அங்கே வசதியான ஒரு குத்தகைக் குடும்பத்தில், 11 பிள்ளைகளில் ஏழாவதாக, 1861 ஜூன் 19 அன்று ரிசால் பிறந்தார். அம்மா தியோடோரா அலோன்சோ படித்த பெண்மணி. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஸ்பானிய வாசகப் புத்தகம் ஒன்றை வைத்துப் பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். ஒருநாள் அவள் படித்துக் காட்டியது, தாய் சொல் கேட்காமல் விளக்கை நெருங்கிப்போய்க் கருகிய குட்டி விட்டில்பூச்சியின் கதை. கதை முடிந்ததும் அம்மா எதிர்பார்த்தது வேறு. பையன் விட்டிலுக்காக வருத்தப்படவில்லை. சுடரையே பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவு அழகான வெளிச்சத்துக்காக அது செத்ததில் தப்பில்லை என்று அவனுக்குப் பட்டது. பிற்காலத்தில் அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். பெரிய மனிதர்களின் பால்ய கதைகள் எல்லாவற்றையும் நான் ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்வேன். ஆனால் இந்தக் கதையில் பிள்ளை கெட்டிக்காரனாகத் தெரியவில்லை, பிடிவாதக்காரனாகத் தெரிகிறான். அதனால் நம்பலாம் என்று தோன்றுகிறது.

அந்த அம்மாவை 1871இல் கைது செய்தார்கள். தம்பி மனைவிக்கு விஷம் வைக்க உடந்தையாக இருந்தாள் என்று ஜோடித்த வழக்கு. காலம்பாவிலிருந்து மாகாணத் தலைநகர் சாந்தா குரூஸ் வரை, சுமார் 50 கிலோமீட்டர், நடத்தியே கூட்டிப்போனார்கள். இரண்டரை வருடம் சிறை.

அவள் உள்ளே இருக்கும்போதுதான் அந்த 1872 வந்தது. காவித்தே கோட்டையில் நடந்த சிறு கலகத்தைச் சாக்காக வைத்து, உள்நாட்டுப் பாதிரிமார் மூவர்மேல் ராஜத் துரோக வழக்குப் போட்டார்கள். கோமேஸ், புர்கோஸ், சமோரா. அவர்கள் செய்த குற்றமெல்லாம், மண்ணின் மைந்தர்களான குருமாருக்கும் பங்குகளை நடத்தும் உரிமை வேண்டும் என்று வாதாடியதுதான். 1872 பிப்ரவரி 17 அன்று மணிலாவின் பாகும்பாயன் திடலில், ஊரே கூடிப் பார்க்க, மூவரையும் வரிசையாக உட்காரவைத்து, கழுத்தில் இரும்புப் பட்டையை மாட்டி, பின்னாலிருந்து திருகை முறுக்கிக் கொன்றார்கள். கோமேஸ் எழுபதைத் தாண்டிய கிழவர். புர்கோஸுக்கு வயது 35.

ரிசாலின் அண்ணன் பாசியானோ அந்தப் புர்கோஸின் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மாணவர். அதோடு அவர் படிப்புக்கு முழுக்குப் போட்டார். தம்பியை மணிலாவில் ஏசுசபையார் பள்ளியில் சேர்க்கும்போது, குடும்பப் பெயரான மெர்காதோவைத் தவிர்த்து ரிசால் என்ற பெயரில் சேர்த்தார்கள். மெர்காதோ என்றால் போலீஸ் மோப்பம் பிடிக்கும். பின்னாளில், 1889இல், நண்பர் மரியானோ போன்சேவுக்கு எழுதிய கடிதத்தில் ரிசால் சொல்கிறார்: 1872 மட்டும் நடந்திராவிட்டால் தான் இந்நேரம் ஏசுசபைத் துறவியாக இருந்திருப்பேன், தன் நாவலுக்கு நேர்மாறான ஒன்றை எழுதியிருப்பேன் என்று. பாரத்தைத் தம்பியின் தோளுக்கு மாற்றியவர் அண்ணன். பாசியானோ கவிதை எழுதவில்லை. வயலைப் பார்த்துக்கொண்டார், தம்பிக்குப் பணம் அனுப்பினார், வாயைத் திறக்கவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

1879இல் மணிலாவின் கலை இலக்கியச் சங்கம் ஒன்று கவிதைப் போட்டி அறிவித்தது. உள்நாட்டவருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டும். நடுவர்கள் ஸ்பானியர்கள். ரிசாலுக்கு அப்போது வயது 18, சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக மாணவர். ‘பிலிப்பைன்ஸ் இளைஞர்களுக்கு’ என்ற தலைப்பில் ஒரு கவிதை அனுப்பினார். முதல் பரிசு அதற்குத்தான். வெள்ளியில் இறகு வடிவத்தில் செய்த பேனா, அதில் தங்க நாடா வேலைப்பாடு.

கவிதையில் கலகம் எதுவும் இல்லை. தலை நிமிர்ந்து நில்லுங்கள், உங்கள் திறமையைக் காட்டுங்கள், ஒருவர் பாடட்டும், ஒருவர் வரையட்டும், ஒருவர் கல்லைச் செதுக்கட்டும் என்பதுதான் சாரம். ஸ்பெயினுக்கு வணக்கமும் உண்டு. நடுவர்கள் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளை என்று பரிசைக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கண்ணில் படாமல் போனது ஒன்றுண்டு. தாய்நாடு என்று அந்தப் பையன் சொன்னது ஸ்பெயினை அல்ல, இந்தத் தீவுகளை. அந்தத் தாய்நாட்டின் நம்பிக்கை என்று அவன் அழைத்தது அங்குள்ள இளைஞர்களை. அதுவரைக்கும் பிலிப்பைன்ஸ் என்பது ஒரு ராஜாவின் உடைமைப் பட்டியலில் ஒரு வரி. தனக்கென்று இளைஞர்களும் எதிர்காலமும் உள்ள ஒரு நாடாக அதை ஸ்பானிய மொழியில், ஸ்பானியர் கையாலேயே பரிசு வாங்கிக்கொண்டு, ஒருவன் பேசிவிட்டான்.

மறுவருடம் செர்வாந்தெஸ் நினைவாக இன்னொரு போட்டி. இந்த முறை ஸ்பானியர்களும் கலந்துகொள்ளலாம். அதிலும் ரிசாலுக்கே முதல் பரிசு, செர்வாந்தெஸ் உருவம் பொறித்த மோதிரம். ஜெயித்தவன் ஓர் ‘இந்தியோ’ என்று தெரிந்ததும் கூட்டத்தில் கைதட்டல் அடங்கிச் சலசலப்புக் கிளம்பியது. நம்மூரில் ‘நேட்டிவ்’ என்ற சொல் எந்தத் தொனியில் புழங்கியதோ அதே தொனிதான் இந்தியோவுக்கும்.

1882 மே மாதம் பெற்றோருக்குச் சொல்லாமல், அண்ணன் ஏற்பாட்டில், கப்பலேறினார். சிங்கப்பூரில் இறங்கி, வேறு கப்பல் மாறி, காலி, கொழும்பு வழியாக ஐரோப்பா. அம்மாவின் கண்பார்வை மங்கிக்கொண்டிருந்ததால் கண் வைத்தியம் படித்தார். மாட்ரிட், பாரிஸ், ஹைடெல்பர்க். அந்தப் பத்து வருடக் கதையை விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை, நமக்குத் தேவை இரண்டு நாவல்கள். ‘நோலி மே டாங்கரே’ 1887இல் பெர்லினில் அச்சானது. 2,000 பிரதிகள். அச்சுக்கூலி 300 பெசோ கையில் இல்லாமல் பட்டினி கிடந்த நேரத்தில், மாக்சிமோ வியோலா என்ற நண்பர் கொடுத்து உதவினார். இரண்டாவது நாவல் ‘எல் பிலிபுஸ்தெரிஸ்மோ’ 1891இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் வந்தது. 1872இல் கழுத்து முறிக்கப்பட்ட மூன்று பாதிரிமாருக்கு அது காணிக்கை.

அந்த இரண்டாம் நாவலின் முடிவை இங்கே சொல்லியாக வேண்டும். பழிவாங்கப் புறப்பட்டுத் தோற்ற கதாநாயகன் விஷம் குடித்துவிட்டு, கடலோரக் குடிசையில் ஒரு வயதான உள்நாட்டுப் பாதிரியாரின் முன்னால் கிடக்கிறான். அவன் செத்ததும், அவன் சேர்த்து வைத்திருந்த நகைப்பெட்டியைப் பாதிரியார் தூக்கிக் கடலில் எறிகிறார். எறிவதற்கு முன், தங்கள் இளமையையும் ரத்தத்தையும் நாட்டுக்குத் தரக்கூடிய இளைஞர்கள் எங்கே இருக்கிறார்கள், வாருங்கள், காத்திருக்கிறோம் என்று கேட்கிறார். அந்தக் காட்சியில் ஓர் இளைஞன்கூட இல்லை. பதினெட்டு வயதில் இளைஞர்களை எழுந்திருங்கள் என்றவர், முப்பது வயதில் எங்கே போனீர்கள் என்கிறார். இடையில் மாட்ரிட் காப்பிக்கடைகளில் சூதாடிக்கொண்டும் பதவிக்கு முட்டிக்கொண்டும் இருந்த சக நாட்டு மாணவர்களை அவர் போதுமான அளவு பார்த்திருந்தார்.

1892 ஜூன் இறுதியில் மணிலாவுக்குத் திரும்பினார். ஜூலை 3 அன்று தொண்டோவில் ஒரு வீட்டில் ‘லா லிகா பிலிப்பினா’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். பரஸ்பர உதவி, கல்வி, விவசாயம், சீர்திருத்தம். இவ்வளவுதான் அதன் நோக்கங்கள். நாலு நாளில் கைது. மிந்தனாவோ தீவின் தபித்தானுக்கு நாடுகடத்தல். அந்தச் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அந்திரேஸ் போனிபாசியோ. கிடங்கில் வேலை பார்த்த மனிதர், அதிகம் படிக்காதவர், கிடைத்ததையெல்லாம் வாசித்தவர். ரிசாலை நாடுகடத்துகிறார்கள் என்று தெரிந்த ஜூலை 7 அன்றே அவரும் தோழர்களும் ‘கட்டிபுனான்’ என்ற ரகசியப் புரட்சிச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஆக, மனு கொடுக்கும் காலமும் கத்தி தீட்டும் காலமும் ஒரே வாரத்தில் கைமாறின.

தபித்தானில் ரிசால் இருந்தது நான்கு வருடம். அந்த வருடங்களைப் பலரும் அவசரமாகக் கடந்துவிடுவார்கள். நான் அங்கேதான் கொஞ்ச நேரம் நிற்பேன். மணிலா லாட்டரியில் கூட்டாக வாங்கிய சீட்டுக்கு 20,000 பெசோ விழுந்து, அதில் தன் பங்காக 6,200 பெசோ கிடைத்தது. அந்தப் பணத்தில் தாலிசாய் என்ற கடற்கரையில் நிலம் வாங்கினார். வீடு, வைத்தியசாலை, தென்னை, மா, சணல். ஊருக்குக் குழாய்வழித் தண்ணீர் கொண்டுவந்தார். தேவாலயத்துக்கு எதிரே உள்ள திடலில் மிந்தனாவோ தீவை மண்ணால் புடைப்பு வரைபடமாக அமைத்தார். அது இன்றும் அங்கே இருக்கிறது. கூடவே பையன்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். மூன்று பேரில் தொடங்கி இருபதைத் தாண்டியது. சம்பளம் கிடையாது, பதிலுக்குத் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். வகுப்பு மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை. வாத்தியார் ஊஞ்சல் தூளியில் சாய்ந்திருப்பார், பையன்கள் நீள மூங்கில் பெஞ்சில். நன்றாகப் பதில் சொன்னவன் பெஞ்சின் தலைமாட்டுக்குப் போவான். அவனுக்குச் ‘சக்கரவர்த்தி’ என்று பட்டம். ஸ்பானிஷ், ஆங்கிலம், கணக்கு, பூகோளம். அதற்குப் பிறகு நீச்சல், மல்யுத்தம், கத்திச்சண்டை, பூச்சி பிடிப்பது.

அந்தப் பையன்கள் பாடுவதற்காக 1895இல் ‘தாலிசாய் கீதம்’ எழுதினார். பிலிப்பைன்ஸில் அவருடைய மற்ற கவிதைகள் அளவுக்கு இதை யாரும் தூக்கி வைத்துப் பேசுவதில்லை. எனக்கு என்னவோ, இளைய தலைமுறையிடம் அவர் நேரில் பேசியது இதில்தான் என்று படுகிறது. மரமும் கடலும் விளையாட்டும் படிப்பும் வருகிற பாட்டு. இன்றைக்கு நாங்கள் சின்னப் பையன்கள், நாளைக்குக் குடும்பத்தைக் காக்கிற ஆம்பிளைகள் என்ற தோரணையில் பையன்களே பாடுகிறார்கள். தியாகம், ரத்தம், பலிபீடம் எல்லாம் இல்லை. முன்னால் உட்கார்ந்திருக்கிற குழந்தைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறவனுக்குச் சாகச் சொல்லிப் பாட்டெழுத வராது.

1896 ஜூனில் கட்டிபுனானிலிருந்து பியோ வாலன்சுவேலா என்ற இளம் டாக்டர் வந்தார். சந்தேகம் வராமல் இருக்கக் கண் தெரியாத ஒருவரை, கண் வைத்தியத்துக்கு என்று, கூட்டி வந்திருந்தார். புரட்சிக்குத் தேதி குறிக்கப் போகிறோம், உங்கள் சம்மதம் வேண்டும். ரிசால் மறுத்தார். ஆயுதம் இல்லை, பணம் இல்லை, மக்கள் தயாராகவில்லை. இரண்டு மாதத்தில், அவர் சம்மதம் இல்லாமலேயே, புரட்சி வெடித்தது. அதற்குள் அவருடைய கியூபா மனுவுக்குப் பதில் வந்து, அவர் தபித்தானைவிட்டுக் கிளம்பியிருந்தார். கியூபாவுக்காக முதலில் ஸ்பெயின் போகிற வழியிலேயே கைதி. பார்சிலோனாவில் ஒருநாள் காவல். அங்கிருந்து அப்படியே திருப்பி, நவம்பர் 3 அன்று மணிலாவின் சாந்தியாகோ கோட்டையில் அடைத்தார்கள். பாசியானோவைப் பிடித்து, தம்பிக்கு எதிராக வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டு அடித்து நொறுக்கினார்கள். பாசியானோ கையெழுத்துப் போடவில்லை.

இப்போது சிக்கலான இடத்துக்கு வந்துவிட்டோம். டிசம்பர் 15 அன்று, சிறையில் இருந்தபடியே, ரிசால் நாட்டு மக்களுக்கு ஓர் அறிக்கை எழுதினார். இந்தக் கலகத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, இதை நான் கண்டிக்கிறேன், சுதந்திரத்துக்கு முன் கல்வி வேண்டும், வீடு திரும்புங்கள் என்று. ராணுவ வழக்கறிஞருக்கே அது பிடிக்கவில்லை. இந்த ஆள் இப்போது வேண்டாம் என்கிறானே ஒழிய எப்போதும் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று வெளியிடாமல் அமுக்கிவிட்டார்கள். அவர்கள் கணிப்புத் தவறில்லை. டிசம்பர் 26இல் விசாரணை, 28இல் தண்டனைக்கு ஒப்புதல், 29 காலையில் தீர்ப்பைப் படித்துக் காட்டினார்கள். 30 காலை சுட்டுக் கொல்லப்பட வேண்டும்.

அந்தக் கடைசி நாட்களில் எழுதிய கவிதையில் 14 பத்திகள், பத்திக்கு ஐந்து வரி. தலைப்பில்லை, தேதியில்லை, கையெழுத்தில்லை. ஒரு சின்னத் தாளின் இரு பக்கமும் நுணுக்கி எழுதியது. நாட்டிடம் விடைபெறுவதுதான் விஷயம். ஆனால் இரண்டாவது பத்தியிலேயே, போர்க்களத்தில் தயங்காமல் உயிர் விடுகிறவர்களை நினைக்கிறார். எங்கே செத்தால் என்ன, தூக்குமேடையோ திறந்த வெளியோ, நாடு கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்று முடிக்கிறார். இரண்டு வாரத்துக்கு முன் அறிக்கையில் வீடு திரும்பச் சொன்ன அதே ஆட்களை! முரண்பாடுதான். மழுப்ப வேண்டியதில்லை. அறிக்கை எழுதியவர் வழக்கில் சிக்கிய, தன் பெயரை யாரோ எடுத்துப் பயன்படுத்திய கோபத்தில் இருந்த மனிதர். கவிதை எழுதும்போது வழக்கு முடிந்துவிட்டது. சாகப் போகிறவனுக்குச் சாகிறவர்கள் கூட்டாளிகள் ஆனார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கவிதையில் அவர் விடைபெறுவது நாடு, பெற்றோர், உடன்பிறந்தோர், பால்ய நண்பர்கள், காதலித்த அயல்நாட்டுப் பெண் ஆகியோரிடம். இளைஞர்களே என்று ஓரிடத்திலும் கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட 1879 கவிதையை அந்த நாட்டு இளைஞர்கள் பள்ளிக்கூட மேடையில் மரியாதையோடு ஒப்பித்தார்கள். கூப்பிடாத இந்தக் கவிதையை நெஞ்சில் எடுத்துக்கொண்டு போனார்கள். கடமையை உபதேசமாகச் சொன்னவனைவிட, தன் பங்கைச் செய்துவிட்டுப் போனவன் பேச்சுத்தான் எடுபடுகிறது போலும்.

29ஆம் தேதி மத்தியானம் அம்மாவும் சகோதரிகளும் வந்தார்கள். கட்டியணைக்க விடவில்லை, காவலர்கள் குறுக்கே நின்றார்கள். தங்கை திரினிதாத்திடம் தன்னுடைய சின்ன ஸ்பிரிட் அடுப்பைக் காட்டி, உள்ளே ஒன்று இருக்கிறது என்று ரிசால் ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். குடும்பம் கொஞ்ச காலம் ஹாங்காங்கில் இருந்ததில் அவளுக்கு ஆங்கிலம் புரியும். ஸ்பானியக் காவலர்களுக்குப் புரியாது. அடுப்பு வீடு வந்து சேர்ந்தது. உள்ளே மடித்த தாள்.

மறுநாள் காலை 7 மணி 3 நிமிடம். அதே பாகும்பாயன் திடல், மூன்று பாதிரிமார் செத்த அதே இடம். சுட நிறுத்தப்பட்டவர்கள் பிலிப்பினோ சிப்பாய்கள். அவர்கள் தயங்கினால் அவர்களைச் சுட, பின்னால் ஸ்பானியச் சிப்பாய்கள். நாடி பார்த்த ராணுவ டாக்டருக்கு ஆச்சரியம், துடிப்பு இயல்பாக இருந்தது. துரோகியைச் சுடுவதுபோல முதுகில்தான் சுட்டார்கள்; விழும்போது உடம்பைத் திருப்பி வானம் பார்த்து விழுந்தார். வயது 35. உடலைக் குடும்பத்திடம் தரவில்லை. மூத்த சகோதரி நர்சிசா இடுகாடு இடுகாடாக அலைந்து, பாக்கோ இடுகாட்டில் காவலர் நிற்கும் ஒரு புது மண்மேட்டைக் கண்டுபிடித்தார். பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி ஒரு பலகைக்கல்லில் பொறித்து அங்கே வைக்கச் செய்தார்.

கவிதையைப் பிரதியெடுத்ததும் அந்த வீட்டுப் பெண்கள்தான். ஒரு பிரதி ஹாங்காங்கில் மரியானோ போன்சேவுக்குப் போனது. 1897 ஜனவரியிலேயே அவர் அதைத் தாமே ஒரு தலைப்பிட்டு அச்சிட்டார். இன்று நிலைத்திருக்கும் ‘இறுதி விடை’ என்ற பொருள் தரும் தலைப்பு, 1898 செப்டம்பரில் ‘லா இந்திபெந்தென்சியா’ பத்திரிகையில் வந்தபோது நிலைத்தது. அதற்கு முன்பே போனிபாசியோ அதைத் தகலாகு மொழிக்குக் கொண்டுவந்துவிட்டார். புரட்சியை மறுத்தவரின் கடைசிப் பாட்டைப் புரட்சித் தலைவரே மொழிபெயர்த்துத் தன் ஆட்கள் கையில் கொடுத்தார்! அவரும் அதிக நாள் இல்லை. 1897 மே 10 அன்று, சொந்தப் புரட்சியின் உட்பகையில், புரட்சியின் இன்னொரு தலைவரான அகினால்தோவின் தரப்பார் கையால் கொல்லப்பட்டார்.

கடமையை வாங்கிக்கொண்ட இளைஞர்கள் யார் என்று கேட்டால், பெயர் சொல்லலாம். எமிலியோ ஹசிந்தோ, சட்ட மாணவர், கட்டிபுனானில் சேரும்போது இருபது வயது நிரம்பவில்லை. சங்கத்தின் பத்திரிகையை நடத்தினார், உறுப்பினர்களுக்கான நெறிநூலை எழுதினார். 1897இல் தாய்நாட்டுக்கு ஒரு கவிதை எழுதினார், ரிசாலின் கடைசிக் கவிதையை மனத்தில் வைத்துக்கொண்டு. 1899இல் மலேரியாவில் இறந்தபோது வயது 23. ஹோசே பால்மா, அவரும் 23 வயதில், சொல்லில்லாமல் வாத்திய இசையாக மட்டும் இருந்த தேசிய கீதத்துக்கு ‘பிலிப்பினாஸ்’ என்ற கவிதையை எழுதிக் கொடுத்தார். அது அச்சானது 1899 செப்டம்பரில், அதே ‘லா இந்திபெந்தென்சியா’வில். நாட்டுக்காகச் சாவது பற்றித்தான் அந்தக் கீதமும் முடிகிறது. பால்மா 1903இல், 26 வயதில், காசநோயில் போனார். அமெரிக்க ஆட்சியில் 1907 முதல் 1919 வரை அந்தக் கொடியையும் கீதத்தையும் சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள்.

ஆம், அமெரிக்கா. ஸ்பெயின் போனதும் அது வந்து உட்கார்ந்தது, 1899இல் பிலிப்பினோக்களோடு போரும் மூண்டது. ஆனால் இந்தக் கவிதைக்கு விசித்திரமான ஒரு மேடை வாஷிங்டனில்தான் கிடைத்தது. 1902 ஜூன் மாதம், பிலிப்பைன்ஸ் நிர்வாக மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. காட்டுமிராண்டிகளுக்கு எதற்குச் சட்டசபை என்று எதிர்த்தார்கள். மசோதாவைக் கொண்டுவந்த விஸ்கான்சின் உறுப்பினர் ஹென்றி ஆலன் கூப்பர் எழுந்து, ரிசாலின் கதையைச் சொல்லி, கவிதை முழுவதையும் ஆங்கிலத்தில் படித்து, இப்படி ஒருவனைத் தந்த இனமா காட்டுமிராண்டி இனம் என்று கேட்டார். மசோதா நிறைவேறியது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை 1907இல் கூடியது. விடுதலைக் கவிதையை வைத்து ஒரு காலனி அரசுக்குச் சட்டம் வாங்கிக் கொடுத்ததை வெற்றி என்பதா, கேலி என்பதா? ரெனாதோ கான்ஸ்தாந்தினோ என்ற வரலாற்றாசிரியர் 1969இல் இதைப் போட்டு உடைத்தார். துப்பாக்கி தூக்காத, ஏற்கெனவே செத்துப்போன ஒரு வீரர் அமெரிக்கர்களுக்கு வசதியாக இருந்தார், அதனால்தான் போனிபாசியோவை ஓரம்கட்டி ரிசாலை முன்னிறுத்தினார்கள் என்பது அவர் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை, அமெரிக்கர் வருவதற்கு முன்பே போனிபாசியோ செய்த மொழிபெயர்ப்பு மறுத்துவிடுகிறது.

கடல் தாண்டியும் போனது அந்தக் கவிதை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஜப்பானிய ஆக்கிரமிப்பில் இருந்த ஜகார்த்தாவில், ரோசிஹான் அன்வர் என்ற இளம் பத்திரிகையாளர் அதை இந்தோனேசிய மொழிக்குக் கொண்டுவந்தார். அடுத்து வந்த டச்சுக்காரருக்கு எதிரான போராட்டத்தில் இந்தோனேசிய இளைஞர்கள் அதைச் சொல்லிக்கொண்டு களத்துக்குப் போனார்கள். சாகும்வரை துப்பாக்கி எடுக்காத மனிதரின் பாட்டு.

1946இல் சுதந்திரம் கிடைத்த பிறகு, செனட்டர் கிளாரோ ரெக்தோவுக்கு ஒரு கவலை வந்தது: அடுத்த தலைமுறைக்கு இதையெல்லாம் யார் சொல்வது? 1956இல், பள்ளி கல்லூரிகளில் ரிசாலின் வாழ்வும் எழுத்தும், குறிப்பாக இரண்டு நாவல்களும், கட்டாயப் பாடம் என்று மசோதா கொண்டுவந்தார். கத்தோலிக்கத் திருச்சபை கொதித்தது. பாதிரிமாரைக் கிழிக்கிற நாவல்களைக் குழந்தைகள் படிப்பதா? எங்கள் பள்ளிகளை இழுத்து மூடுவோம் என்ற மிரட்டல் வந்தது. மூடினால் அரசு எடுத்துக்கொள்ளும் என்றார் ரெக்தோ. கடைசியில் ஒரு சமரசம்: மத நம்பிக்கைக்கு மாறானது என்று பிரமாணம் எழுதிக் கொடுத்தால் நாவலை முழுதாகப் படிப்பதிலிருந்து விலக்கு உண்டு, பாடத்திலிருந்து விலக்கு இல்லை. 1956 ஜூன் 12 அன்று சட்டமானது.

கட்டாயப் பாடம் ஆனதும் எந்தக் கவிஞருக்கும் நடப்பது இவருக்கும் நடந்தது. மார்க்குக்காகப் படித்தார்கள். எட்டு வயதில் சக குழந்தைகளுக்காக ரிசால் எழுதியதாகச் சொல்லப்படும் தாய்மொழிப் பற்றுப் பாட்டு ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு அவர் கையெழுத்தில் பிரதி கிடையாது. முதன்முதலில் அச்சானதே அவர் செத்துப் பத்து வருடம் கழித்து, 1906இல். அவர் எழுதியதாக இருக்க வாய்ப்பில்லை என்பது ஆய்வாளர்களின் முடிவு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இளைய தலைமுறையிடம் பொறுப்பை ஒப்படைக்கும் அவசரத்தில், கவிஞர் எழுதாத கவிதையையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டார்கள்.

1961 டிசம்பரில் அந்தக் கடைசிக் கவிதையின் அசல் தாளே, இரண்டு நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளோடு, மணிலா தேசிய நூலகத்திலிருந்து திருடு போனது. திருடர்கள் பணம் கேட்டு பேரம் பேசினார்கள். கல்வித் துறைச் செயலாளர் அலெஹாந்த்ரோ ரோசெஸ் மறுவருடம் மீட்டுக்கொண்டு வந்தார். 1987 அரசியலமைப்பு ஸ்பானிஷை ஆட்சிமொழி இடத்திலிருந்து நீக்கியது. இன்றைய பிலிப்பினோ மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் ரிசாலை ஆங்கிலத்திலோ தகலாகிலோதான் படிக்கிறார்கள், போனிபாசியோவின் ஆட்கள் படித்ததுபோல.

நாமும் ஆங்கில வழியாகத்தான் போக வேண்டும். படிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: கடைசிக் கவிதையிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் 1879ஆம் ஆண்டுப் பரிசுக் கவிதை, அடுத்து தபித்தான் பையன்களின் பாட்டு, அதற்குப் பிறகு அந்த 14 பத்திகள். மூன்றையும் ஒரே உட்காரலில் படித்துவிடலாம்.

(தொடரும்)